அப்பாவின் லாரியில் ஒரு மஞ்சள் ஒயர்

பழைய லாரியைப் புதுப்பிக்கிறோம் என்று சொன்னால், கேட்பவர்களின் முதல் கேள்வி, "என்ன பெயின்ட் அடிக்கப்போறீங்க?" என்பதாகத்தான் இருக்கிறது. அடுத்தது, "இன்ஜின் ஓடுதா?" ஒயரிங் என்ன ஆச்சு என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. எட்டு மாதங்கள் நடந்த வேலையில் டிங்கரிங், பெயின்ட், இன்ஜின் எல்லாம் என் போனில் போட்டோக்களாக இருக்கின்றன. ஒயரிங் நடந்த 11 நாட்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் லாரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1968 மாடல் டாடா மெர்சிடிஸ் பென்ஸ். முன்னால் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் பானெட் வண்டி. டாடாவின் டெல்கோ நிறுவனம் 1954-ல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு ஒப்பந்தம் போட்டு, ஜாம்ஷெட்பூரில் லாரி செய்ய ஆரம்பித்தது. 1969-ல் ஒப்பந்தம் முடியும்வரை அந்த லாரிகளின் முகத்தில் பென்ஸின் மூன்று முனை நட்சத்திரம் இருந்தது. எங்கள் லாரி அந்தக் கடைசி நட்சத்திர வண்டிகளில் ஒன்று. 1974-ல் அப்பா இரண்டாம் கையாக வாங்கினார். அம்மாவின் நகை பாதி, கடன் பாதி. சங்ககிரியில் அப்போது தெருவுக்கு நாலு லாரி நிற்கும். எங்கள் தெருவில் நட்சத்திரம் வைத்த லாரி எங்களுடையதுதான் என்று நானும் தம்பியும் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வோம்.

1996-ல் அந்த லாரி ஓட்டத்தை நிறுத்தியது. வீட்டுக்குப் பின்னால் ஓலைக்கொட்டகை போட்டு அப்பா அதை நிறுத்திவைத்தார். விற்கவும் இல்லை, ஓட்டவும் இல்லை. 2021-ல் அப்பா போனார். தம்பி, "இரும்புக்குப் போட்டுடலாம்க்கா, பாம்பு அடையுது" என்றான். நான் 31 வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்திவிட்டு 2024-ல் ஓய்வுபெற்றேன். கையில் கொஞ்சம் பணமும் நிறைய நேரமும் இருந்தன. "நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

ஒரு விஷயம், இதைப் படித்துவிட்டு யாராவது ஆசைப்படலாம் என்பதற்காக. 50 வருடம் தாண்டிய வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அது சொந்த உபயோகத்துக்கான டூவீலர், கார்களுக்குத்தான். லாரிக்கு அதில் இடமில்லை. எங்கள் வண்டி எங்கள் களத்துக்குள்தான் ஓடும். அது போதும் என்று முடிவு செய்துகொண்டுதான் இறங்கினேன்.

டிங்கர் வேலை முடிந்ததும் ஒயரிங்குக்கு ஒரு பாய் வந்தார். அறுபதைத் தாண்டியவர். பன்னிரண்டு வயதில் லாரிப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். வந்ததும் வண்டியைச் சுற்றிப் பார்க்கவில்லை. முதல் காரியமாக, டிங்கர் கொண்டுவந்து மாட்டியிருந்த பேட்டரிகளின் ஒயரைக் கழற்றித் தரையில் போட்டார். "பழைய வண்டியில கை வைக்கிறதுக்கு முன்னாடி இதைச் செய்யணும் டீச்சர். இல்லாட்டி நம்ம கண்ணு முன்னாடியே எரிஞ்சு போகும்" என்றார். பிறகு டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டார். வெளியே வந்தவர், "ஒயரிங் எங்கே இருக்கு? வைக்கோல் போருதான் இருக்கு" என்றார்.

அறுந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டால் போதுமே என்று தம்பி கேட்டான். பாய் ஒரு ஒயரைப் பிடித்து லேசாக வளைத்தார். மேலுறை வறுத்த அப்பளம் மாதிரி உடைந்து விழுந்தது. உள்ளே இருந்த செம்பு பச்சை பூத்திருந்தது. "இதுல எந்த இடம்னு ஒட்டுப்போடுவீங்க தம்பி?" என்றார். ஐம்பது வருடத்து ஒயரில் கண்ணுக்குத் தெரியும் பழுதைவிட, தெரியாத பழுதுதான் அதிகம். எண்ணெய், டீசல், இன்ஜின் சூடு எல்லாம் பட்டுப் பட்டு உறை செத்துவிடுகிறது. உறை செத்த இடத்தில் ஒயர் தகரத்தைத் தொட்டால் நேராக ஷார்ட். லாரியில் உடம்பு முழுக்க இரும்புதான், அந்த இரும்பேதான் திரும்பி வரும் பாதையும். வீட்டில் இரண்டு ஒயர் போவது போல லாரியில் போவதில்லை. பல்புக்கு ஒரு ஒயர் போகும், மறுமுனை வண்டியின் உடம்பில் எர்த். அதனால்தான் லாரியில் எங்கே உரசினாலும் ஆபத்து.

ஆகவே மொத்த ஒயரிங் செட்டையும் அப்படியே உருவி எடுப்பது, தரையில் படுக்கவைத்து, அதைப் பார்த்து அளவெடுத்துப் புதிது செய்வது என்று முடிவாயிற்று. உருவுவதற்கு முன் ஒவ்வொரு முனையிலும் நான் நம்பர் எழுதிய சீட்டு கட்டினேன். வெள்ளை பிளாஸ்டர் துணியில் மார்க்கர் பேனாவால், 1 முதல் 64 வரை. ஒவ்வொன்றுக்கும் போட்டோ. எந்த ஒயர் எங்கே போகிறது என்று நோட்டில் ஒரு வரி. பரீட்சைத்தாள் திருத்திய கைக்கு அது பிடித்த வேலையாக இருந்தது. இந்த வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இது ஒன்றுதான்: சீட்டுக் கட்டாமல் ஒரு ஒயரையும் கழற்றாதீர்கள். கலரை நம்பக் கூடாது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு எல்லா ஒயரும் ஒரே கலர், எண்ணெய்க் கலர்.

செட்டைக் களத்தில் தார்ப்பாய் விரித்துப் படுக்கவைத்தபோது சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அடியில் கம்பெனி போட்ட பழைய ஒயர், நூல் பின்னல் சுற்றியது. அதன்மேல் பிளாஸ்டிக் ஒயர். அதன்மேல் வீட்டுக்கு இழுக்கும் ஒற்றைக் கம்பி ஒயர். வீட்டு ஒயர் சுவருக்குள் அசையாமல் கிடக்கும், அதற்கு ஒற்றைக் கம்பி போதும். லாரியில் நாள் முழுக்க ஆடிக்கொண்டே இருக்கும், மெல்லிய இழைகள் பல சேர்ந்த ஒயர்தான் தாங்கும். ஒற்றைக் கம்பி ஆடி ஆடி முறிந்துவிடும். ஒட்டுப்போட்ட இடங்களில் டேப்புக்குப் பதில் சைக்கிள் டியூப் துண்டு, மருந்துக்கடை பிளாஸ்திரி, ஒரு இடத்தில் வாயில் புடவைக் கிழிசல். ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தால் இரண்டு ஃப்யூஸ்களில் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாள் சுற்றியிருந்தது. இன்னொன்றில் ஆணி தடிமனுக்குச் செம்புக் கம்பி. ஃப்யூஸ் என்பது மெலிந்த ஒயருக்குக் காவல்காரன். அங்கே கம்பியை வைத்தால் அடுத்து உருகப்போவது ஒயர்தான். அப்பாவின் லாரி எரிந்துபோகாமல் 1996 வரை ஓடியது அதன் அதிர்ஷ்டம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வண்டிக்கு 12 வோல்ட் பேட்டரி இரண்டு, வரிசையாகக் கோத்து 24 வோல்ட். இடது பேட்டரி மட்டும் வருடத்துக்கு ஒன்று சாகும். வலது பேட்டரி மூன்று வருடம் வரும். பேட்டரிக் கடைக்காரரை அப்பா திட்டாத திட்டு இல்லை. காரணம் அந்தத் தார்ப்பாயில் கிடந்தது. யாரோ ஒரு டிரைவர் இடது பேட்டரியில் மட்டும் இருந்து ஒரு ஒயரை இழுத்து டேப் ரெக்கார்டருக்குக் கொடுத்திருக்கிறார். டேப் ரெக்கார்டருக்கு 12 வோல்ட்தானே வேண்டும்! ராத்திரி முழுக்க இடது பேட்டரி பாட்டுப் பாடியிருக்கிறது. சார்ஜ் ஆகும்போது இரண்டுக்கும் ஒரே கரண்ட்தான் போகும். ஆகவே இடதுக்கு எப்போதும் அரைவயிறு. இன்றைக்கும் பல லாரிகளில் இதே கதைதான் என்றார் பாய். 24-ஐ 12 ஆக்கிக் கொடுக்கும் சின்னப் பெட்டி கடையில் கிடைக்கிறது. அதைப் போட்டால் தீர்ந்தது.

நாலாம் நாள் அந்த மஞ்சள் ஒயர் வந்தது.

நீளம் ஒரு முழத்துக்கு மேல் இருக்கும். டேஷ்போர்டில் உள்ள லைட் சுவிட்சுக்கும், கிளட்ச் பெடலுக்குப் பக்கத்தில் தரையில் உள்ள கால் சுவிட்சுக்கும் நடுவே போகிற ஒயர். பழைய வண்டிகளில் டிம், டிப் எல்லாம் இடது காலால்தான். மிதித்தால் பிரைட், இன்னொரு மிதி மிதித்தால் டிம். ஆனால் இந்த மஞ்சள் ஒயரின் இரண்டு முனையும் வெட்டி, டேப் சுற்றி, சும்மா கட்டோடு கட்டாகக் கிடந்தது. அதன் வேலையை ஒரு கறுப்பு ஒயர் செய்துகொண்டிருந்தது. டேஷ்போர்டுக்கு அடியில் தனியாக ஒரு சுவிட்ச் வைத்து, அங்கிருந்து நேராகக் கால் சுவிட்சுக்கு. பாய் சீட்டைப் பார்க்காமலே சொன்னார்: "ஹெட்லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சிருக்கு. எங்கேன்னு கண்டுபிடிக்காம பக்கத்துல புதுசு இழுத்துட்டுப் போயிட்டாங்க."

எனக்குக் கை நின்றுவிட்டது.

1979 நவம்பர். நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன். மகாராஷ்டிரத்தின் லாசல்கானில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு சேலம் வந்துகொண்டிருந்த எங்கள் லாரி, ராத்திரி தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ரோட்டை விட்டு இறங்கி ஒரு பாலத்துக் கட்டையில் மோதியது. அப்போது அது என்.எச். 7, இப்போது 44. அந்த இறக்கம் இன்றைக்கும் பேப்பரில் வராத மாதம் இல்லை. உயிர்ச்சேதம் இல்லை. டிரைவரண்ணனுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. வெங்காயம் ரோடெல்லாம் உருண்டது.

கையில் கட்டோடு எங்கள் திண்ணைக்கு முன்னால் நின்று அவர் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "பெரிய லைட்டு ரெண்டும் ஒண்ணா போச்சுங்க மொதலாளி. சின்ன லைட்டு எரிஞ்சுட்டுத்தான் இருந்துச்சு. கால் சுவிட்சை மிதிச்சு மிதிச்சுப் பாத்தனுங்க. வரலீங்க."

அப்பா கேட்டார்: "ரெண்டு பல்பும் ஒரே நேரத்துல எப்படிப்பா போகும்? நான் காலைல போய்ச் சுவிட்சப் போட்டேன். ரெண்டும் பளிச்சுனு எரியுது. தூங்கிட்டேன்னு சொல்லிப்போடு, விட்டுர்றேன்."

அவர் சொல்லவில்லை. "தூங்கலீங்க" என்று மட்டும் மறுபடி மறுபடி சொன்னார். அப்பா அவரை நிறுத்திவிட்டார். சம்பளத்தில் 600 ரூபாய் பிடித்தார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சங்ககிரி மாதிரி ஊரில் ஒரு முதலாளி சொன்னால் நாற்பது முதலாளிக்குச் சொன்ன மாதிரி. ‘தூங்குற டிரைவர்’ என்று பேர் வந்துவிட்டது. பிறகு அவரை லாரியில் யாரும் பார்க்கவில்லை.

பாயிடம் இதைச் சொன்னேன். அவர் அந்த மஞ்சள் ஒயரை எடுத்துத் துடைத்தார். தரைத் தகரத்தில் ஓட்டை வழியாக இறங்கும் இடத்தில் ஒரு அங்குலத்துக்கு உறை கறுத்து இறுகியிருந்தது. அந்த ஓட்டையில் இருக்கவேண்டிய ரப்பர் புஷ் இல்லை. தகரத்தின் விளிம்பு, ஒயரை வருடக்கணக்கில் அரம் போல் ராவியிருக்கிறது.

நான் மீட்டரை எடுத்தேன். ஒயரின் ஒரு முனையில் பேட்டரியைக் கொடுத்து மறுமுனையில் வைத்துப் பார்த்தால் முழு 24 வோல்ட் காட்டியது. பாய் சிரித்தார். "மீட்டருக்குச் சொட்டுத் தண்ணி போதும் டீச்சர். பல்புக்கு வாய்க்கால் தண்ணி வேணும்" என்று சொல்லி, மீட்டரை எடுத்துவிட்டு ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டினார். எரிந்தது. ஒயரை அந்தக் கறுத்த இடத்தில் ஒரு விரல் அளவு வளைத்தார். அணைந்தது. நிமிர்த்தினார். எரிந்தது. மறுபடி வளைத்தார், அணைந்தது. நாலைந்து தடவை அப்படியே.

பின்னால் உறையைக் கீறிப் பார்த்தோம். உள்ளே இழைகளில் இரண்டோ மூன்றோதான் தொட்டும் தொடாமலும் இருந்தன. மற்றதெல்லாம் அறுந்து பச்சை பிடித்திருந்தது. இறக்கத்தில் சின்ன கியரில் வண்டி உதறிக்கொண்டு வரும். அந்த உதறலில் இழைகள் விலகினால் லைட் போகும். மோதி நின்று, ஆட்டம் அடங்கியபிறகு இழைகள் தொட்டுக்கொண்டால் லைட் வரும். காலையில் போய்ச் சுவிட்சைப் போடுகிறவருக்குப் பளிச்சென்றுதான் எரியும். இரண்டு விளக்குக்கும் போகிற கரண்ட் கால் சுவிட்சுக்கு வரும்வரை இந்த ஒரே ஒயரில்தான் வருகிறது. அதனால்தான் இரண்டும் ஒன்றாகப் போயின. பழுது கால் சுவிட்சுக்கு முன்னாலேயே இருக்கிறது. அதனால்தான் எத்தனை மிதித்தும் வரவில்லை. சின்ன லைட்டுக்கு வேறு ஒயர். அதனால் அது எரிந்தது. அவர் திண்ணை முன்னால் நின்று சொன்ன மூன்று வாக்கியமும் இந்த ஒயருக்கு அப்படியே பொருந்தியது.

"ஆனா டீச்சர், 79-லயே இது இப்படித்தான் இருந்துச்சான்னு நான் சத்தியம் பண்ண முடியாது. நான் பாக்குறது இன்னிக்கு" என்றார் பாய். நியாயமான பேச்சு. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பிறகு அவரே யோசித்து, "ஒண்ணு இருக்கு. இந்தக் கறுப்பு சூட்டுல வந்தது. பக்கத்து ஒயருக்குச் சூடு இல்ல. கரண்ட் போகாத ஒயர் சூடாகாது. முனையை வெட்டிப்போட்டது என்னிக்குன்னு தெரிஞ்சா, அதுக்கு முன்னாடிதான் இது கெட்டிருக்கணும்" என்றார். குறுகலான இடத்தில் தடை அதிகம், தடை அதிகமானால் சூடு அதிகம். முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் எழுதிய பாடம்.

வெட்டிப்போட்ட தேதி கிடைத்தது. அப்பா வருடத்துக்கு ஒரு நீள நோட்டு வைத்து லாரிக் கணக்கு எழுதுவார். டயர், டீசல், போலீஸ், வாழைப்பழம் முதற்கொண்டு. எல்லாம் டிரங்குப் பெட்டியில் இருந்தன. 1979 நோட்டில் நவம்பர் கடைசியில், ‘வெங்காயம் நஷ்டம், டிரைவர் பேரில் பிடித்தம் 600’. அடுத்த நோட்டில், 22-1-80 தேதியில், அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில், ‘ஹெட்லைட் லைன் தனி ஒயர், சுவிட்ச், கூலி 32’.

இரண்டு மாதம். புது டிரைவர் வந்து லைட் போகிறது என்று சொல்லாமல் அப்பா 32 ரூபாய் எடுத்துக் கொடுத்திருக்க மாட்டார். ஒரு ரூபாய்க்குக் கேள்வி கேட்கிறவர்.

அம்மாவுக்கு இப்போது 83. நோட்டை எடுத்துப்போய் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். "அந்தப் புது ஆளும் வந்து லைட்டு போகுதுன்னு சொன்னான். அன்னிக்கு ராத்திரி உங்கப்பா சாப்பிடல" என்றார். பிறகு, "போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லல" என்றார். எனக்கு அப்பாவைப் பிடிக்கும். மூன்று பிள்ளைகளையும் அந்த லாரியை வைத்துத்தான் படிக்கவைத்தார். ஆனாலும் இந்த விஷயத்தில் அவருக்காகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

டிரைவரண்ணனைத் தேடுவது கஷ்டமாக இல்லை. லாரி ஆட்கள் மறக்க மாட்டார்கள். எடப்பாடிப் பக்கம் ஒரு கிராமத்தில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று பாய் விசாரித்துச் சொன்னார். "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்குக்கா?" என்று கேட்ட தம்பிதான் காரை எடுத்தான்.

வயது 78. ஒடிசலாக, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இடது மணிக்கட்டு கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. யாரென்று சொன்னதும், "பெரிய பாப்பாவா!" என்றார். காபி வந்தது. நான் மஞ்சள் ஒயரை எடுத்துக் கொடுத்து, பாய் கண்டுபிடித்ததையெல்லாம் சொன்னேன். ஒயரை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் நெருடிப் பார்த்தார்.

"கிளட்சுகிட்ட ஓட்டையா?"

"ஆமாங்க."

"ரப்பர் இல்ல. எனக்கு முன்னாடியே இல்ல." ஒயரை மடியில் வைத்துக்கொண்டார். "லைட்டு போனது எனக்கு அன்னிக்கே தெரியுமே கண்ணு. தெரியாதது உங்கப்பாருக்குத்தானே?"

அதையும் சொல்வதா வேண்டாமா என்று கார் வரும் வழியெல்லாம் யோசித்திருந்தேன். சொன்னேன். நோட்டில் இருந்த 32 ரூபாய். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. தம்பி எழுந்து வாசலுக்குப் போய்விட்டான்.

"என்ன தேதி?"

"ஜனவரி 22."

"அப்ப நான் கெணறு வெட்டுக்குப் போயிட்டிருந்தேன். கல்லு சுமக்க. கை கூடி வரல, ஒரு கையிலதான்." அவ்வளவுதான் சொன்னார். உங்கப்பா நல்லவர் என்றும் சொல்லவில்லை, கெட்டவர் என்றும் சொல்லவில்லை.

கிளம்பும்போது ஒரு கவரில் பணம் வைத்து நீட்டினேன். தொகையைக் கணக்குப்போட்டுத்தான் வைத்திருந்தேன், இத்தனை வருட வட்டியோடு. பிரித்துப் பார்த்தார். "அறுநூறுதான புடிச்சாரு. அது மட்டும் எடுத்துக்கறேன்" என்று 500 ரூபாய் நோட்டு ஒன்றும் 100 ரூபாய் நோட்டு ஒன்றும் எண்ணி எடுத்து, மீதியைத் திருப்பிக் கொடுத்தார். வாங்கமாட்டேன் என்று நான் மல்லுக்கட்டியதற்கு, "பாப்பா, அது என் காசு. இது உன் காசு" என்றார். மகள் எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றார். "வண்டிக்கு லைட்டு போட்டதும் சொல்லு. வந்து பாக்கறேன்" என்றார் அண்ணன்.

மீதி ஏழு நாளும் பாய் ராட்சசத்தனமாக வேலை பார்த்தார். புது ஒயர் எல்லாம் பல இழை ஆட்டோ ஒயர். சேலத்தில் வாங்கினோம். ஒயரின் முனைகளில் ஈயம் வைக்காமல் லக் வைத்து அழுத்தினார். ஈயம் வைத்த இடம் விறைத்துவிடும், ஆட்டத்தில் அந்த விறைப்பு முடிகிற இடத்தில் ஒயர் ஒடியும் என்றார். ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்தோம். பழைய சுவிட்ச் அப்படியே இருக்கிறது. ஆனால் விளக்குகளின் 6 ஆம்பியர் கரண்ட் இனி அதன் வழியாகப் போகாது, ரிலே வழியாகப் போகும். சுவிட்ச் ரிலேயைத் தட்டி எழுப்புவதோடு சரி. இது பழமைக்கு விரோதம் என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும், ரிலே பானெட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. இரண்டு விளக்குக்கும் தனித்தனி ஃப்யூஸ், ஒன்று போனாலும் மற்றது எரியும். உடம்பு எர்த்தை மட்டும் நம்பாமல், விளக்கிலிருந்து சேசிஸுக்குத் தனி எர்த் ஒயர். பெயின்டின் மேல் போல்ட் வைத்தால் எர்த் கிடைக்காது என்று புது பெயின்டைச் சுரண்டியபோது பெயின்டர் அழாத குறை. தகரத்தில் ஒயர் நுழையும் ஓட்டைகள் மொத்தம் 17. எண்ணிப் பதினேழு ரப்பர் புஷ் வாங்கினேன். கிளட்ச் பக்கத்து ஓட்டைக்கு நானே மாட்டினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தம்பி போய் அண்ணனை அழைத்துவந்தான். இருட்டும்வரை அம்மாவோடு திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார்கள் என்று நான் போய்க் கேட்கவில்லை. அம்மா அவருக்குக் கையால் தோசை சுட்டுக் கொடுத்தார், நடக்கவே சிரமப்படுகிறவர்.

இருட்டியதும் லாரியில் ஏறினார். படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, யார் உதவியும் இல்லாமல். களத்து லைட்டை அணைக்கச் சொன்னார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டே இடது காலால் தரையைத் தடவினார். கால் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் பிரைட் விழுந்தது. ஒரு மிதி, டிம். இன்னொரு மிதி, பிரைட். இன்ஜினைப் போடச் சொல்லி, அந்த உதறலில் மறுபடி டிம், பிரைட், டிம். பத்துப் பதினைந்து தடவை இருக்கும். பாய் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், எடது லைட்டு கொஞ்சம் மேல பாக்குது. எதுக்க வர்றவனுக்குக் கண்ணு கூசும்" என்றார் அண்ணன், ஜன்னல் வழியாக.

பாய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு குனிந்தார்.